ஓரியூர் மண் சிவந்ததாம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு எழுந்து கோயிலை ஒட்டிய ஹாலுக்குப் போவார்கள். ஊர்ப் பெரியவர்கள் அதை இன்னும் ஞானோபதேசம் என்றுதான் சொல்வார்கள். இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அவர்களுக்கு நீதிபோதனை. நான் தமிழாசிரியை என்பதால் அந்த மிச்சக் கூட்டம் என் தலையில்.

நீதிபோதனைக்குப் பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, அதனால் மரியாதையும் கிடையாது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு சார் வாசலில் வந்து நின்று, "டீச்சர், இன்னைக்கு உங்க பீரியடை எனக்குக் குடுத்துருங்களேன்" என்பார். கொடுத்துவிடுவேன். கொடுக்காத வாரங்களில் ஒரு குறள், ஒரு கதை, பொய் சொல்லக் கூடாது, பகிர்ந்து உண்ண வேண்டும், வீட்டுக்குப் போகலாம். இப்படியே பல வருஷம் ஓட்டினேன்.

பள்ளிக்கூடம் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ரோட்டில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளி. மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளைகள், கரிமூட்டம் போடுகிற வீட்டுப் பிள்ளைகள், அத்தா சவுதியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே பெஞ்சில்.

2011 ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மறைக்கல்வி எடுக்கும் சிஸ்டர் ஏதோ கூட்டத்துக்கு மதுரை போய்விட்டார். எட்டாம் வகுப்பு முழுவதையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஐந்து பேர். இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி நோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தினசரித்தாளைக் கிழித்து மடித்த பொட்டலம், நாட்டு மருந்துக்கடையில் மடித்துத் தருவார்களே அந்த மாதிரி. பிரித்தால் சிவப்பு மண். முந்தின நாள் வீட்டோடு ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள்.

"அருளானந்தர் ரத்தம் பட்டுச் சிவந்த மண்ணு டீச்சர். அம்மா பரீட்சைக்கு நெத்தியில வச்சுக்கச் சொன்னாங்க."

பொட்டலம் கை மாறிக் கை மாறிப் பின்னால் போனது. ஒருவன் மோந்து பார்த்தான். ஒருத்தி நெற்றியில் தொட்டுக்கொண்டாள். அவள் இந்துப் பெண்தான். யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஓரியூருக்கு எல்லாரும்தான் போகிறார்கள். என் அப்பத்தாவே என் தம்பிக்கு அங்கே நேர்ந்துகொண்டு மொட்டை போட்டவர்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "கொன்னது யாரு டீச்சர்?" என்றான்.

பொட்டலத்துக்குச் சொந்தக்காரிக்கு அதற்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. "சேதுபதிதான். கெட்ட ராசா."

சன்னல் ஓரத்தில் ஒரு பையன் எழுந்துவிட்டான். "ஏய், அவரு எங்க ராசா. சும்மா வெட்டிருவாரா? உங்க சாமியாரு என்ன செஞ்சாருன்னு கேளு."

இன்னொருவன், தொண்டிப் பக்கத்துப் பையன், யாரும் கேட்காமலே சேர்ந்துகொண்டான். "அவரு நல்ல ராசாதான் டீச்சர். சீதக்காதிக்குக் கூட்டாளி. எங்க நன்னா சொல்லியிருக்காரு."

மூன்று பேர் சொன்னதும் ஒரே ஆளைப் பற்றி. கிழவன் சேதுபதி. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர். செத்தும் கொடுத்தான் என்று இன்றைக்கும் ஊர் சொல்லும் கீழக்கரை சீதக்காதி அவருடைய உற்ற நண்பர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். அந்தப் பகுதியை ஆண்டது அவருடைய தம்பி உடையத்தேவர். இந்தக் கடற்கரையில் மூன்று வீட்டில் மூன்று விதமாக அந்த ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார். நான் பிறந்தது சன்னலோரப் பையன் வீடு மாதிரியான வீட்டில். எங்கள் அப்பா சேதுபதியைப் பேர் சொல்லிக் கூடச் சொல்ல மாட்டார், 'மகாராஜா' என்பார். அதனால் அன்று என் முகத்தில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் பயந்தேன்.

சரி, தமிழ் டீச்சருக்குத் தெரிந்த தந்திரம், கதையாகச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். லிஸ்பனில் பிறந்தவர், ஜான் டி பிரிட்டோ, சேசு சபைக் குரு. மதுரை மிஷனுக்கு வந்து, பண்டார சாமியார் மாதிரி உடுத்திக்கொண்டு, அருளானந்தர் என்று பேர் வைத்துக்கொண்டார். ஏற்கெனவே ஒருமுறை 1686இல் பிடித்து அடித்து, இனிமேல் இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். ஐரோப்பா போய்விட்டுத் திரும்ப வந்தார். தடியத்தேவர் என்று ராஜ குடும்பத்து உறவுள்ள ஒருவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விட்டால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். தடியத்தேவர் அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, சேதுபதிக்கு மருமகள் முறை. அவர் அரண்மனைக்குப் போய் அழுதார். அப்புறம்தான் கைது, விசாரணை, ஓரியூர். "அவர் ரத்தம் பட்டு அந்த மண் சிவந்ததாம்" என்று முடித்தேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று எனக்கே ஒரு நிம்மதி.

பொட்டலக்காரியின் பக்கத்தில் ஒரு பையன், வகுப்பிலேயே வாய் திறக்காதவன், கை தூக்கினான்.

"டீச்சர், எங்க சாமிக்கு மட்டும் 'ஆம்' போடுறீங்க."

புரியவில்லை. அவனே விளக்கினான். "சேதுபதி கோட்டை கட்டினார்னு சொன்னீங்க. மண்ணு மட்டும் சிவந்த'தாம்'. போன மாசம் தனுஷ்கோடி டூர்ல ராமர் பாலம் கட்டினார்னுதான சொன்னீங்க. கட்டினா'ராம்'னு சொல்லலயே."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

இந்த 'ஆம்' என்கிற ஒட்டு இருக்கிறதே, நாம் நாள் முழுக்கப் போடுகிறோம். வந்தாராம், போனாராம், கொடுத்தாராம். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்பது ஒரு பொருள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது இன்னொரு பொருள். 'பெரிய பணக்காரராம்' என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்வதை யோசித்துப் பாருங்கள். தொல்காப்பியர் முதல் சூத்திரத்திலேயே 'என்ப' போட்டு, தனக்கு முன்னால் சொன்னவர்கள் தலையில் பாரத்தை இறக்கிவிடுகிறார். அது மரியாதை. நான் போட்டது மரியாதை இல்லை. பிறத்தியார் நம்பிக்கைக்கு 'ஆம்' போட்டும் என் வீட்டு நம்பிக்கைக்குப் போடாமலும் இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாமலே. பதிமூன்று வயசுப் பையன் கண்டுபிடித்தான்.

ராமர் பாலம் எங்கள் ஊரில் சும்மா போகிற பேச்சு இல்லை. 2005இல் கப்பல் போக அங்கே கடலில் வழி வெட்டும் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கி, 2007இல் அந்த மணல்திட்டு மனிதர் கட்டியதா இயற்கையா என்ற வழக்கு டெல்லி வரைக்கும் போய், தொல்லியல் துறை தாக்கல் செய்த மனுவைத் திரும்பப் பெற்றது வரை எல்லாம் டீக்கடையில் கிழிபட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டும் மூச்சு விடவில்லை. அப்போதும் ஒரு பையன் கேட்டான், "பாலத்த வெட்டுனா மீனு என்ன டீச்சர் ஆகும்?" என்று. கோயிலா கப்பலா என்று ஊரே இரண்டாக நிற்கும்போது மீனைப் பற்றி நினைத்தவன் அவன். அவன் அப்பா விசைப்படகில் கூலி. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அரசியல் பேசக் கூடாது என்று உட்கார வைத்தேன்.

'அதெல்லாம் இங்கே பேசக் கூடாது' என்பது ஆசிரியர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வாக்கியம். அதை நான் சொன்னதிலேயே இன்னமும் என்னைத் தின்கிற ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கூட்டிப் போகும் தர்கா உள்ள ஏர்வாடியில், அன்று விடிகாலை ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அந்த வாரம் ஒரு பெண், ஆறாம் வகுப்பு, "தர்காவுல கட்டிப்போட்டா பைத்தியம் சரியாகுமா டீச்சர்?" என்று கேட்டாள். "புத்தகத்தை எடு" என்றேன். மதம் சம்பந்தப்பட்டது, முஸ்லிம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், நமக்கெதற்கு வம்பு. அடுத்த வருஷம்தான் தெரிந்தது, அவள் தாய்மாமனை அந்த மாதிரி ஒரு இடத்தில் விட்டிருந்தார்கள் என்று. இந்துக் குடும்பம். ஏர்வாடிக்கு யார்தான் போகவில்லை.

அவளுக்கு நான் சொல்லியிருக்கக் கூடியது எவ்வளவோ இருந்தது. எரிந்தது தர்கா இல்லை, அதைச் சுற்றி முளைத்த தனியார் கொட்டகைகளில் ஒன்று. நேர்த்திக்கடன் வேறு, சங்கிலி வேறு. தர்காவில் போய் உட்கார்ந்து அழுதால் மனசு லேசாகிறது என்று நம்புகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மனநோய்க்கு மாத்திரையும் இருக்கிறது. பிற்பாடு அரசாங்கமே ஏர்வாடியில் தவா-துவா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்கா பக்கத்திலேயே டாக்டர். இந்த இரண்டு வார்த்தையை நான் அன்றே யோசித்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு கேள்வியோடு வீட்டுக்குப் போய் அதை அமுக்கிக்கொண்டிருந்திருக்க மாட்டாள்.

பேசாமல் விட்டால் பிள்ளைகள் அந்தக் கேள்வியை மறந்துவிடுவார்கள் என்று நினைப்பது ஆசிரியர்களின் மூடநம்பிக்கை. அவர்கள் வேறு ஆளிடம் கேட்பார்கள். அந்த ஆள் யார் என்று நமக்குத் தெரியாது.

பேசுகிற வாத்தியார்களும் உண்டுதான். கலாம் ஐயா கதையை எல்லாப் பள்ளியிலும் சொல்கிறோம். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் தொப்பி போட்ட பையன் பூணூல் போட்ட நண்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பின்பெஞ்சுக்கு அனுப்புகிறார்கள், நண்பனின் அப்பா லட்சுமண சாஸ்திரிகள் கூப்பிட்டுக் கண்டிக்கிறார், எல்லாம் சரியாகிறது. கைதட்டல். பின்பெஞ்சுக்கு அனுப்பியது ஒரு புது வாத்தியார் என்பதை மட்டும் ஆசிரியர் தின மேடையில் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவோம்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 'ஆம்' போட்டால் அவமானம், போடாவிட்டால் பொய். என்ன செய்வது? பிள்ளைகளிடமே கேட்டேன். தொண்டிப் பையன் சொன்னான், "எங்க பள்ளிவாசல்ல அசரத்து 'நாம'ம்பாரு. இங்க வந்தா நான் 'நாங்க'ம்பேன்."

இதைவிட எளிதாக எனக்கு யாரும் இலக்கணம் நடத்தியதில்லை. நாம் என்றால் கேட்கிறவனையும் சேர்த்து. நாங்கள் என்றால் கேட்கிறவனை விட்டு. தன்மைப் பன்மை என்று போர்டில் எழுதி வருஷா வருஷம் இரண்டு மார்க்குக்கு நடத்துகிறவள் நான். ஆனால் வகுப்பில் என் வாயிலிருந்து வருவது முழுக்க 'நாம்'. நாம் பொங்கல் கொண்டாடுகிறோம், நாம் கோயிலுக்குப் போகிறோம், நம் முன்னோர் சொன்னது. பாசத்தோடுதான் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரை அவர்களைக் கேட்காமலே என் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

அன்று அந்தப் பீரியட் முடிவதற்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. 'ஓரியூர் மண் அருளானந்தர் ரத்தத்தால் சிவந்தது என்று நாங்கள் நம்புகிறோம்' என்று பொட்டலக்காரி சொன்னாள். 'மண்ணில் இரும்பு இருந்தால் சிவக்கும்' என்று ஒருத்தி சொன்னாள். அதற்கு நாமும் வேண்டாம் நாங்களும் வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம். '1693இல் ஓரியூரில் அவரை வெட்டினார்கள்', இதற்கும் வேண்டாம். ஆனால் அதைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் அவருடைய சபைக்காரர்களும் சிறையிலிருந்து அவரும் எழுதிய கடிதங்களால்தான், சேதுபதி தரப்புக் கடிதம் நம் கையில் வந்து சேரவில்லை என்று நான் சேர்த்துச் சொன்னேன். சன்னலோரப் பையன் அதில் கொஞ்சம் குளிர்ந்தான். 'அவர் எங்கள் ராஜா, ஆனாலும் வெட்டியிருக்க வேண்டாம் என்று நான் நினைக்கிறேன்' என்றான். 'நான்' என்று அவன் தனியாக வந்து நின்றது அவன் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் பதைப்பு.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும். கடைசி வரிசையில் ஒரு முஸ்லிம் பெண்.

"டீச்சர், அந்தக் கடலாயியோட மத்தவங்களையும் அனுப்பிட்டாங்கள்ல, அவங்கள்லாம் எங்க போனாங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் தலை போனதையும் ஒருவர் ராஜா என்பதையும் மூன்று தலைமுறையாக நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடத்தில், நேற்று வரை ஒருவருக்குப் பெண்டாட்டியாக இருந்து இன்று மூட்டையோடு வாசலில் நின்ற பெண்களை அவள் ஒருத்திதான் பார்த்தாள். நான் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும், எங்கள் அப்பா சொன்ன எந்தக் கதையிலும், கடலாயி அரண்மனைக்குப் போய் அழுததற்கு மேல் வந்ததில்லை. தெரியாது என்றேன். அவள் நோட்டை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஆள் வந்துவிட்டார்கள். காலையில் ஒரு தரப்பு, "எங்க பயலுக்கு வேதம் சொல்லிக் குடுக்குறீங்களாமே, ராசாவைத் திட்டச் சொன்னீங்களாமே" என்று. மத்தியானம் இன்னொரு தரப்பு, "புனிதரைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தெரியும், மண்ணுல இரும்பாமே" என்று. வந்த வாக்கியம் எல்லாவற்றிலும் 'ஆம்' இருந்ததைக் கவனித்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர்கள் பார்த்தது இன்னும் தப்பாகப் போனது. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, டீச்சர், குறளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொன்னது. சட்டப்படியும் ஒரு பயம் காட்டினார்கள்.

சட்டத்தை வீட்டில் போய்ப் படித்தேன். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது. எங்களைப் போல உதவி பெறும் பள்ளியில் போதிக்கலாம், ஆனால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது. வகுப்பு இரண்டாகப் பிரிவதன் காரணம் அதுதான். ஆனால் மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்று கல்விக்காக அரசு அமைத்த கோத்தாரி கமிஷன் 1966லேயே சொல்லிவிட்டது. 2002இல் பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. அந்த இரண்டாவது வேலையைத்தான் நான் தெரியாமல் செய்திருக்கிறேன். இதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் அறை வாசலில் நின்றதும் தைரியம் போய்விட்டது. தாள் கைப்பையிலேயே இருந்தது.

இங்கிலாந்தில் இது தலைவலியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே 1944 சட்டத்திலிருந்தே மதக் கல்வி கட்டாயம். வேண்டாதவர்கள் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். என் அண்ணன் பேத்தி அந்த நாட்டில் வடக்கே ஒரு சின்ன ஊரில் படிக்கிறாள். ஆறு மதம் நடத்துகிறார்கள், எல்லாம் அழகான படங்களோடு. வகுப்பில் அவள் ஒருத்திதான் இந்து. டீச்சர் பிரியமாக, "இந்துக்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீ சொல்லு" என்பாராம். பத்து வயசுப் பிள்ளை, கோடிக்கணக்கான பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாது, அப்பத்தாவைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டாளாம். ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒரே சொல் என்பதால் அவளுக்கு இந்த வசதியும் இல்லை.

ஒன்றரை வருஷம் குறளோடு இருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் மெதுவாக, ஓசைப்படாமல், 'நாங்கள் நம்புகிறோம்' பயிற்சியை இலக்கணப் பீரியடுக்குள் கொண்டுபோய்விட்டேன். தன்மைப் பன்மை நடத்தக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாதே. ஒவ்வொருவரும் தன் வீட்டு நம்பிக்கை ஒன்றை 'நாங்கள்' போட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதையே 'அவர்கள்' போட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவர், 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒத்துக்கொண்டால்தான் மார்க். அந்தக் கடைசிப் பகுதிதான் கஷ்டம். முதல் முறையே ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு. "அப்பிடி இல்லடா, நாங்க கல்லைக் கும்புடல" என்று ஆரம்பித்து மூன்று நான்கு தடவை போகும்.

சிஸ்டர் மதுரையிலிருந்து திரும்பியபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் காதுக்குப் போயிருக்கும். ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் திருத்துவோம். ஒரு நாள் மட்டும் தலை நிமிராமல், "கடலாயியைக் கேட்டது யாரு டீச்சர்?" என்றார். பெயரைச் சொன்னேன். "நானும் எத்தனை வருஷமா இந்தக் கதையைச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

2013 ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட். மறைக்கல்விக்குப் போன எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகத் திரும்பி வந்து என் வகுப்பு வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவள் கையில் ஒரு பொட்டலம்.

"என்னம்மா?"

"சிஸ்டர் உங்களோட சேந்து உக்காரச் சொன்னாங்க டீச்சர். அவங்களுக்குத் தலைவலியாம்."

நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு ஜனவரியும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை சிஸ்டருக்குத் தவறாமல் தலைவலி வந்தது.